செலினின் நாற்பது விநாடி

செலினுக்குக் கைராசி என்று முதலில் சொன்னது கரையான்சாவடி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த ஒரு போலீஸ்காரர். ஊசியைக் கண்டால் அலறுகிற ஆள். குத்தியதே தெரியாமல் மூன்று குழாய் எடுத்து முடித்து, "எழுந்திருங்க சார்" என்றபோது, "இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேம்மா" என்றார். அதற்குப் பிறகு பூந்தமல்லி வட்டாரத்துச் சர்க்கரை நோயாளிகள் பாதிப்பேர் "செலின் மேடம் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டார்கள். பதினாறு வருஷம் அந்தப் பெயரை நகைபோல அணிந்துகொண்டு திரிந்தாள். நகை போட்டவர்களுக்கே வருகிற ஒரு பார்வை, போடாதவர்களை மேலும் கீழும் அளக்கிற பார்வை, அவளுக்கும் வந்திருந்தது.

அப்பா ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் வீட்டில் கடிகாரம் ஹாலில் மாட்டியிருந்தது, அடுக்களையிலிருந்து தெரியாது. அம்மா செபத்தால்தான் சமைத்தாள். முட்டை அரைவேக்காட்டுக்குச் செபமாலையில் ஒரு பத்துமணி, சோறு வடிக்க முழுச் செபமாலை, பால் பொங்குவதற்குள் இரண்டு பரலோக மந்திரம். செலினும் அப்படியே பழகினாள். கல்யாணமாகிப் பருத்திப்பட்டுக்கு வந்த பிறகும் அவள் அடுப்பில் எதுவும் தீய்ந்ததில்லை. கணவன் பிராங்க் இன்வெர்ட்டர் பழுதுபார்ப்பவன். "எங்க ஊட்ல குக்கரு விசிலே அடிக்காது நைனா, ஆமென்னுதான் சொல்லும்" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

முப்பத்தொன்பது வயதில் அவளை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அழைத்துக்கொண்டவர் ஸ்ரீகாந்த். அவருடைய அப்பாவுக்கு ரத்தம் எடுக்க வீட்டுக்குப் போனபோது பழக்கம். லாரி உதிரிபாகப் பட்டறைக்கு மேலே, மூன்றாவது மாடியில், அவர் ஒரு கம்பெனி நடத்தினார். அங்கே செய்தது ஒரு கூழ். மனிதத் தோலின் செல்களை அதில் கலந்து ஊசிக்குழாயில் அடைத்து எந்திரத்தில் மாட்டினால், முறுக்கு பிழிவதுபோல ஆறு அடுக்காக ஒரு வலையைப் பிழிந்து வைக்கும். தபால்தலை அகலம்தான் இருக்கும். அதன்மேல் ஊதா வெளிச்சம் காட்டினால் கூழ் இறுகும். இறுகிய வலைக்குள் செல்கள் பிழைத்துப் பெருகி, இருபத்தோரு நாளில் தோல்போல ஒன்றாய்க் கூட வேண்டும். வெளிச்சம் குறைந்தால் வலை குழைந்து செல்கள் மூச்சுத் திணறிச் சாகும். கூடினால் வெளிச்சமே அவற்றைக் கொன்றுவிடும்.

மற்ற இடங்களில் மாட்டு எலும்பிலும் பன்றித்தோலிலும் எடுத்த பசையில் இதைச் செய்கிறார்கள். அது விலங்குக்கு விலங்கு மாறும். ஸ்ரீகாந்தின் கூழ் முழுக்க முழுக்க ரசாயனம். "யார் செய்தாலும், எங்கே செய்தாலும், ஒரே மாதிரி" என்று வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்.

ஆனால் அது செலின் செய்தால் மட்டும்தான் வந்தது.

தலைமை விஞ்ஞானி அகல்யா செய்தால் ஒன்பதாம் நாள் வலை குழைந்தது. அவளுக்குக் கீழே இருந்த இரண்டு பேர் செய்தாலும் அப்படித்தான். செலின் செய்தால் இருபத்தோராம் நாளும் விறைப்பாக நின்றது. ஸ்ரீகாந்துக்குச் சந்தோஷமும் பயமும் சரிபாதி. "ஒரு அம்மாவோட கையில மட்டும் வேலை செய்யற பொருள எவன் வாங்குவான் அகல்யா?" என்பார். பிறகு செலினிடம் வந்து, "வாங்க வர்ற ஜெர்மன் பார்ட்டி ஓகே சொல்லட்டும், காண்ட்ராக்ட கிழிச்சுப் போட்டு உங்கள பெர்மனென்ட் ஆக்கறேன்" என்பார். செலினுக்கு வேண்டியது அதுதான். பதினாறு வருஷமும் தினக்கூலிபோல இருந்தவள். ஓர் இடத்தில் தன் பெயர் நிலையாக எழுதப்பட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்தக் கம்பெனியிடம் வேறு ஆசை கிடையாது.

வெளிச்சம் காட்டுகிற பெட்டி பழசு. அதன் டைமர் செலின் சேர்வதற்கு முன்பே செத்துவிட்டது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எரியும், விரலை எடுத்தால் அணையும். செய்முறைத் தாளில் நாற்பது விநாடி என்று இருந்தது. பெட்டி இருந்த, கிருமி புகாத சுத்த அறைக்குள் போன் கூடாது. சுவர்க் கடிகாரம் வெளியறையில். டைமரைச் சரிசெய்யச் சொல்லி செலின் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். "கையாலயே பாத்துக்கோங்க" என்று பதில் வந்தது. மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று நாற்பதுவரை எண்ணினார்கள். அவளும் பார்த்துக்கொண்டாள். பொத்தானை அழுத்துவாள், கண்ணை மூடுவாள், மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்வாள், விரலை எடுப்பாள். பதிவேட்டில் 40 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பொய் எழுதுகிறோம் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை. சின்ன வயதில் அண்ணனோடு பந்தயம் கட்டிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மூன்றுக்கு நாற்பது. அதில் என்ன சந்தேகம்?

போன ஜூனில் சுதா வந்தாள். நாமக்கல் பக்கத்துப் பெண், இருபத்து நாலு வயது, அயப்பாக்கத்தில் மூன்று தோழிகளோடு ஃபிளாட்டில் இருந்தாள். செலினுக்கு உதவியாள் என்று சேர்த்தார்கள். உண்மையில் செலினின் கையிலிருப்பதை இன்னொரு கைக்கு மாற்றத்தான். செலினுக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது.

சுதா ஒழுங்கானவள். தாளில் நாற்பது என்று இருந்தால் அவளுக்கு நாற்பது. கைக்கடிகாரத்தை வெளியே வைக்காமல், கையுறைக்கு மேலே கட்டிக்கொண்டு உள்ளே வந்து, விநாடி முள்ளைப் பார்த்து வெளிச்சம் காட்டினாள். அவள் செய்த வலை ஒன்பதாம் நாள் குழைந்தது. மறுபடி செய்தாள். மறுபடி குழைந்தது.

"நான் என்னக்கா தப்பு பண்றேன்? சொல்லுங்கக்கா, திருத்திக்கறேன்."

"அதெல்லாம் சொல்லி வராது பாப்பா" என்றாள் செலின். "சில பேருக்குக் கை. சில பேருக்கு வாய்."

மூன்றாவது முறையும் குழைந்தபோது செலின் அகல்யாவிடம் போனாள். யாரும் கேட்காமலேயே போனாள். "மேடம், அந்தப் பொண்ணு வாட்ச கட்டிக்கினு உள்ள வருது. பஸ்ஸுல ஏறி எறங்கின வாட்சு. ஒரு தடவ ரெண்டு தடவ சொன்னேன். சில பேருக்குச் சுத்தம் வராது மேடம், வளர்ப்பு அப்டி" என்றாள். ஒரு தடவைகூட அவள் சுதாவிடம் சொன்னதில்லை.

அகல்யாவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது. கடிகாரத்தால் கிருமி, கிருமியால் சாவு. ஆகஸ்டு கடைசியில் எல்லோருக்கும் முன்னால் சுதாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். "அடிப்படைச் சுகாதாரம் தெரியாதவங்கள வச்சு உயிருள்ள பொருள் செய்ய முடியாது" என்று அகல்யா சொன்னபோது, அந்தப் பெண் கழுத்துவரை சிவந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். செலின் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்ப் பிராங்கிடம் சொன்னபோது, "பாவம்மே, தூரத்து ஊருலேந்து வந்த பொண்ணு" என்றான். "பாவமாவது புண்ணியமாவது! என் சோத்துல கை வைக்க வந்தவ" என்றாள்.

ஜனவரியில் புதுப் பெட்டி வந்தது. தொட்டால் எண் ஒளிர்கிற திரை, நாற்பது என்று வைத்தால் நாற்பதில் தானே அணையும். செலின் வலை செய்து உள்ளே வைத்து, திரையைத் தொட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செபத்துக்கு வேலையில்லை.

ஒன்பதாம் நாள் அவளுடைய வலை குழைந்தது.

அவள் வாழ்க்கையில் முதல் தடவை. கிண்ணத்தின் அடியில் மூக்குச்சளிபோலப் படிந்து கிடந்தது. அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. நான்காவது குழைந்த அன்று ஸ்ரீகாந்த் அவளைக் கூப்பிட்டார். ஜெர்மன்காரர்கள் வர மூன்று வாரம் இருந்தது. அகல்யாவும் அறையில் இருந்தாள்.

"பெட்டி புதுசு, கூழ் அதே கூழ், செல் அதே செல்" என்றாள் அகல்யா. "மாறினது ஒண்ணுதான் சார். இனிமே யார் வேணாலும் செய்யலாம்னு ஆனதும் திடீர்னு யாருக்கும் வரல."

செலினுக்கு அர்த்தம் பிடிபட ஒரு கணம் ஆனது. "நான் கெடுத்தேன்றீங்களா மேடம்?"

"நான் யார் பேரையும் சொல்லல."

"என் பொண்ணு மேல ஆணையா..."

"ஆணையெல்லாம் வேணாம் செலின்" என்றார் ஸ்ரீகாந்த். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் குலைத்தது. "பத்து நாள் டைம். பழையபடி வந்துச்சுன்னா நாம எதுவும் பேசல. வரலன்னா மார்ச்சுல காண்ட்ராக்ட் முடியுது, முடிஞ்சதா இருக்கட்டும்."

அந்த நாட்களில் அவள் சோறு இறங்காமல் இருந்தாள். கூழை வடிகட்டிப் பார்த்தாள், தண்ணீரை மாற்றிப் பார்த்தாள். "இன்னா செலின், செத்த ஊட்ல குந்திகினு கீற மாதிரி கீறியே?" என்று பிராங்க் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது, தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அவர்கள் அன்பியத்தின் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்திருந்தது. தெருக்கோடி வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லிக் குரல்பதிவாக அனுப்புங்கள். செலின் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூன்றையும் சொல்லி அனுப்பினாள். கண்ணைத் திறந்து பார்த்தால் பதிவின் பக்கத்தில் 0:57 என்று இருந்தது.

முதலில் அது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. பிறகு பெட்டிக்கு முன்னால் எண்ணிய நாற்பது நினைவுக்கு வந்தது. மறுபடி சொல்லி அனுப்பினாள். 0:58. மறுபடி. 0:57. குழுவில் ஒருவர், "செலின் சிஸ்டர், ஒன்று போதும்" என்று எழுதினார்.

அவள் போனை மடியில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் அண்ணனோடு பந்தயமாகக் கடகடவென்று சொன்ன நாற்பதும், நாற்பது வயதில் ஒரு சின்னப் பெட்டிக்கு முன்னால் நின்று மனசாரச் சொன்னதும் ஒன்றல்ல. தாளில் இருந்த நாற்பதுதான் தப்பு. அகல்யா அந்த எண்ணைக் கண்டுபிடித்தது ஒற்றைச் சொட்டுக் கூழில். ஆறு அடுக்குக்கு அது போதவில்லை. செலினின் பதிவேட்டில் பதினெட்டு மாதமாக 40 என்று இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கைராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சுதாவின் கடிகாரத்தில் கிருமியும் இல்லை. அந்தப் பெண் சொன்னபடி செய்தாள், அதனால் போனாள்.

சொன்னால் பதிவேட்டில் பொய் எழுதியவள் ஆவாள். சொல்லாவிட்டால் வேண்டுமென்றே கெடுத்தவள் ஆவாள். சொன்னால் ஜெர்மன்காரர்கள் வருவதற்குள் வலை நிற்கும், நின்றால் ஸ்ரீகாந்த் வாக்கை மறக்கமாட்டார் என்று அவள் கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை காலையில் போய்ச் சொல்லிவிட்டாள். சுதாவின் வேலை போனது தன்னால்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஸ்ரீகாந்த் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். அகல்யாவின் முகம் வெளுத்தது. நாற்பது அவளுடைய எண். "வீட்ல மெதுவா சொல்லிப் பழகிட்டு வந்து கதை சொல்றாங்க சார்" என்றாள். "போன்ல பதிவு பண்ணது சாட்சி ஆகாது. பழைய பெட்டில இவங்க எவ்ளோ நேரம் காட்டினாங்கன்னு பாத்த ஆள் ஒருத்தர் வேணும்."

பார்த்த ஆள் ஒருத்திதான் இருந்தாள். சுதா கரையான்சாவடியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் அவளைக் காரில் அழைத்து வந்துவிட்டார்கள். கடையின் பச்சைச் சட்டையோடேயே வந்திருந்தாள். கையில் அதே கடிகாரம்.

கூட்டஅறையில் ஏழு பேர் இருந்தார்கள். விற்பனைப் பிரிவிலிருந்து வேடிக்கை பார்க்கவே இரண்டு பேர் வந்திருந்தார்கள். செலினை மேசை முனையில் நிற்கவைத்தார்கள். "நீங்க டைம் பாருங்க சுதா" என்றார் ஸ்ரீகாந்த். "செலின், சொல்லுங்க. சத்தமா."

செலின் சொன்னாள். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடின.

"நாப்பத்தொண்ணு" என்றாள் சுதா.

அகல்யா மூச்சை விட்டாள். விற்பனைக்காரன் ஒருவன், "பிராட்வே பஸ் கண்டக்டர் தோத்தார்" என்றான். சிரித்தார்கள்.

"பயத்துல வேகமா வருது சார். இன்னொரு தடவ."

"சொல்லுங்க. பத்து தடவ சொல்லுங்க. ஆவரேஜ் எடுக்கலாம்."

இரண்டாம் முறை நாற்பத்து மூன்று. மூன்றாம் முறை நடுவில் வரி மறந்தது. பிறந்ததிலிருந்து சொன்ன வரி. "அம்மாவுக்கு சாமியே கைவிட்டுடுச்சு போல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான்காம் முறை முப்பத்தெட்டு. அகல்யா பேனாவை வைத்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசில 'ஆமென்' சொல்லிட்டு விரல எடுப்பீங்களா, 'ஆமென்'ன சேர்க்காமலா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, தாளில் குறித்துக்கொள்ளத்தான் கேட்டாள். செலின் மேசையில் விரலை அழுத்தி எடுத்துக் காட்டினாள். "சொல்லிட்டுதான் மேடம்" என்றாள்.

அப்போது சுதா வாயைத் திறந்தாள். "சார், இப்படி நின்னுக்கிட்டுச் சொன்னா வராதுங்க. அவங்க கண்ண மூடிக்கிட்டு, பொத்தான அழுத்திக்கிட்டுத்தான் சொல்லுவாங்க. உதடு மட்டும் அசையும். நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேனுங்க. என்னோடதவிட அவங்க லைட்டு ரொம்ப நேரம் எரியும். அப்ப சொல்றதுக்கு எனக்கு தைரியம் இல்லைங்க."

ஸ்டோரிலிருந்து பழைய பெட்டியைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார்கள். செலின் பொத்தானில் விரலை வைத்துக் கண்ணை மூடினாள். அந்த இருட்டுக்குள் யாரும் இல்லை. ஐம்பத்தேழு. மறுபடி ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு. ஒவ்வொரு தடவையும் சுதாவின் குரல் எண்ணைச் சொன்னது, பில் வாசிப்பதுபோல. பத்தாவது முடிந்து கண்ணைத் திறந்தபோது அறையில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கவுமில்லை. எல்லோரும் அகல்யாவின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃபிஃப்டி செவன்" என்றார் ஸ்ரீகாந்த், காதலியின் பெயரைச் சொல்வதுபோல.

அன்று சாயங்காலமே புதுப் பெட்டியில் ஐம்பத்தேழு வைத்தார்கள். செலினை உள்ளே விடவில்லை. விசாரணை முடியும்வரை வெளியறையில் உட்காரச் சொன்னார்கள். ஒன்பது நாள் அவள் வேலை இல்லாத நாற்காலியில் காலை ஒன்பதிலிருந்து ஆறுவரை உட்கார்ந்திருந்தாள். உள்ளே வலை செய்தது சுதா.

பத்தாம் நாள் காலை, கீழே வாசலிலேயே அவளுடைய அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி வேம்புலி எழுந்து வந்தார். "எம்மா, உன்ன மேல உடக்கூடாதுன்னு சொல்லிகிறாங்க. இங்கயே குந்து. சாரு வருவாரு."

மேலே கைதட்டுகிற சத்தம் கேட்டது. வலை நின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தன்னையறியாமல் அவள் முகம் மலர்ந்தது. வேம்புலி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்ரீகாந்த் கடிதத்தோடு இறங்கி வந்தார். பதினெட்டு மாதம் பதிவேட்டில் தவறான தகவல் எழுதியதற்காகப் பணிநீக்கம். கூடவே அறிக்கையின் நகல், ஜெர்மன்காரர்களுக்கு அனுப்புவது. பணியாளர் ஒருவரின் விதிமீறலை டாக்டர் அகல்யாவின் குழு கண்டறிந்து, முறையான ஆய்வின்மூலம் சரியான வெளிச்ச நேரத்தை நிறுவியது என்று அதில் இருந்தது.

"நானா வந்து சொன்னேனே சார்" என்றாள் செலின். "நான் சொல்லலன்னா உங்களுக்கு அந்த நம்பரே தெரியாது."

"அதான் செலின் பிரச்சனை. நீங்க சொன்னதாலதான் எங்களுக்கு அஃபிஷியலா தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச பிறகு உங்கள வச்சிருந்தா அவங்க என்ன நினைப்பாங்க?" அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அப்பாவுக்கு ரத்தம் எடுக்க மாசாமாசம் வந்துடுங்க, என்ன? அவர் உங்களத் தவிர யாரையும் தொட விடமாட்டார்."

அவர் போனபின் சுதா இறங்கி வந்தாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் புது அட்டை. செலினின் தண்ணீர் பாட்டிலையும் மதிய டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். செலின் எழுந்து அவள் கையைப் பிடித்தாள்.

"சுதா, அன்னிக்கி அகல்யா மேடம்கிட்ட உன் வாட்சப் பத்திப் போட்டுக் குடுத்தது நாந்தான். சுத்தம் இல்லன்னு சொன்னதும் நாந்தான். என்ன மன்னிச்சுரும்மா."

"தெரியுங்கக்கா." சுதா கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "அன்னிக்கே தெரியும். ஆறு மாசம் பஸ்ஸுல போறப்ப வர்றப்ப என் கைய நானே மோந்து பாத்துக்கிட்டு இருந்தேன். நெஜமாவே நாறுதோன்னு."

"உள்ள எனக்காக ஒரு வார்த்த..."

"அதனாலதான் மன்னிப்புக் கேக்காதீங்கக்கா. மன்னிச்சேன்னு சொன்னா நான் மேல போய் உங்களுக்காகப் பேசணும். பேசினா எனக்கும் இந்த வேலை போகும். நான் பேசமாட்டேன்."

அவள் குரலில் பழி எதுவும் இல்லை, தாளில் இருப்பதைப் படிப்பதுபோலத்தான் இருந்தது. செலின் தலையை ஆட்டினாள். பையை வாங்கிக்கொண்டாள். வெளியே நடந்தவள் கேட்டருகே நின்று திரும்பினாள். சொல்லாமல் போக அவளால் முடியவில்லை.

"இடது பக்க இன்குபேட்டர் கதவு சரியா மூடாது பாப்பா. முட்டியால ஒரு தள்ளு தள்ளணும். இல்லன்னா சூடு எறங்கி உள்ள கீறதெல்லாம் செத்துரும்."

"அத மாத்திட்டாங்கக்கா" என்றாள் சுதா. "நேத்துதான் புதுசு வந்துச்சு."